சேலத்திலிருந்து க்ரூஸ்: எந்தக் கப்பலில் பாட்டில் ஏறும், எதில் பறிபோகும்

சிங்கப்பூர் க்ரூஸுக்குக் குரூப்பாகப் புக் பண்ணும்போது யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "ஆளுக்கு ரெண்டு ஃபுல் எடுத்துக்கலாமா?" ஃபுல் என்ன, ஒரு குவார்ட்டர்கூட ஏறாது. இங்கே நாங்கள் பார்க்கும் கம்பெனிகளில் எதுவும் விஸ்கி, பிராந்தி, ரம், வோட்கா எதையும் பயணி கையில் கப்பலுக்குள் விடுவதில்லை. ஒயின் விஷயம் வேறு. அதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இருக்கிறது, பணமும் அதில்தான் மிச்சமாகிறது. சேலத்திலிருந்து கிளம்பும் ஒரு தம்பதிக்கு எந்தக் கப்பலின் விதி எவ்வளவு உதவுகிறது என்று மட்டும் இந்த மதிப்புரையில் பார்க்கிறோம். சாப்பாடு, ஷோ, நீச்சல் குளம் பற்றி மற்றவர்கள் நிறைய எழுதிவிட்டார்கள்.

முதலில் ராயல் கரீபியன். திருச்சி அல்லது கோயம்புத்தூர் போய் விமானம் பிடித்து, சிங்கப்பூர் மரினா பே க்ரூஸ் சென்டரில் கப்பல் ஏறுகிறவர்களில் பலர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். விதி தெளிவாக இருக்கிறது: மது அருந்தும் வயது வந்த ஒவ்வொருவரும், கப்பல் ஏறும் முதல் நாளில் மட்டும், சீல் உடைக்காத 750 மில்லி ஒயின் அல்லது ஷாம்பெயின் பாட்டில் ஒன்றைக் கொண்டுவரலாம். அது கைப்பையில் இருக்க வேண்டும். போர்ட்டரிடம் ஒப்படைக்கும் பெட்டியில் இருக்கக் கூடாது. பீர் கிடையாது. கூடவே 12 வரை மது இல்லாத பானங்கள், ஒவ்வொன்றும் 17 அவுன்ஸுக்குள், அதாவது சுமார் 500 மில்லிக்குள். கோக், சோடா, ஜூஸ், தண்ணீர் எல்லாம் இந்தக் கணக்கில் வரும். பொவொன்டோ இல்லாமல் இருக்க முடியாது என்கிறவர்கள் கம்பெனி சீலோடு இருக்கும் சின்ன பாட்டில்களைக் கொண்டுபோகலாம். இதுவும் கைப்பையில்தான் போக வேண்டும்.

வயது வரம்பு புறப்படும் இடத்தைப் பொறுத்தது. ஆசியா, ஐரோப்பா, ஆஸ்திரேலியாவிலிருந்து கிளம்பும் ராயல் கரீபியன் கப்பல்களில் 18, வட அமெரிக்காவிலிருந்து கிளம்பினால் 21. தமிழ்நாட்டில் 21 ஆகாதவர் வாங்க முடியாது என்பது தெரிந்ததே. அதனால் 19 வயது மகனோடு போகிற குடும்பத்துக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறோம்: சிங்கப்பூரில் ஏறினால் அவன் பெயரிலும் ஒரு பாட்டில் சட்டப்படியே ஏறும். அவன் குடிக்க வேண்டுமா என்பது வீட்டு விவகாரம்.

பலர் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. அளவு ஆளுக்குத்தான் கொடுக்கிறார்கள், குடிக்கிறவருக்கு என்று இல்லை. மனைவி தொடவே மாட்டார் என்றாலும் அவர் பெயரிலும் ஒரு பாட்டில் உண்டு. ஸ்கேனரைத் தாண்டும்போது இரண்டும் ஒருவர் பையில் இல்லாமல், ஆளுக்கொன்றாகப் பிரித்து வைத்திருங்கள். ஒரே பையில் இரண்டு தெரிந்தால் வரிசையை நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். விளக்கிச் சொன்னால் விடுவார்கள் என்றாலும், பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது அந்த நிற்பு வேண்டாம்.

ஒரு ஒயின் பாட்டிலுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று தோன்றினால் கணக்கைப் பாருங்கள். 750 மில்லியில் 150 மில்லி வீதம் ஐந்து கிளாஸ் வரும். கப்பலில் ஒரு கிளாஸ் ஒயின் 12 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 18 சதவீதம் சர்வீஸ் தொகை தானாகவே சேரும், ஆக 14.16 டாலர். ஐந்து கிளாஸுக்கு 70.80. தம்பதிக்கு இரண்டு பாட்டில் என்றால் 141 டாலருக்கு மேல். டாலர் 85 ரூபாய் என்று போட்டாலும் 12,000 ரூபாய். இந்தியத் தயாரிப்பான ஒரு சாதாரண ஒயின் இரண்டு பாட்டில் அதில் நாலில் ஒரு பங்கு விலையைத் தாண்டாது.

ஆனால் அந்தப் பாட்டிலைச் சேலத்திலேயே வாங்கிச் சுமந்து போவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டாஸ்மாக் எலைட் கடைகளில் ஒயின் கிடைக்கிறது, வாங்குவதில் சிரமமில்லை. சிரமம் வழியில் இருக்கிறது. விமானத்தின் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் திரவம் ஏறாது, எனவே விமானத்துக்கு அது செக்-இன் பெட்டியில் போக வேண்டும். கப்பலுக்கோ நேர் எதிர், செக்-இன் பெட்டியில் இருந்தால் மாட்டிக்கொள்ளும். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் பெட்டியைத் திறந்து பாட்டிலைக் கைப்பைக்கு மாற்ற மறந்துவிட்டால் எல்லா ஜாக்கிரதையும் வீண். குரூப் டூரில் பஸ்ஸிலிருந்து இறக்கிய பெட்டிகளை நேராகப் போர்ட்டர்கள் வாங்கிப் போய்விடுவார்கள். அந்த ஒரு நிமிடத்தில்தான் அதிகப் பாட்டில்கள் பறிபோகின்றன.

அடுத்தது வெயில். ஏற்காட்டில் குளிர்ந்த அறையில் வைத்திருந்த பாட்டிலைக் காரின் டிக்கியில் போட்டு, 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சித்திரை வெயிலில் திருச்சி வரை ஓட்டினால் ஒயின் கெட்டுப்போக நல்ல வாய்ப்பு இருக்கிறது. சூட்டில் ஒயின் விரிந்து கார்க்கை மேலே தள்ளும். மூடியைச் சுற்றியிருக்கும் உறை மேடு தட்டி, ஓரத்தில் பிசுபிசுப்பு தெரியும். உள்ளே காற்று போய்விட்டது என்று அர்த்தம். அதோடு, சீல் உடைந்த பாட்டில் என்று கப்பல்காரர் சொன்னால் பதில் சொல்ல முடியாது. திருகு மூடி போட்ட பாட்டில் இந்த விஷயத்தில் மேல். திறக்க ஸ்க்ரூவும் தேவையில்லை. (கார்க் எடுக்கும் ஸ்க்ரூவை விமானக் கைப்பையில் வைத்தால் செக்யூரிட்டியில் எடுத்துவிடுவார்கள்.)

அப்படியும் இங்கிருந்தே கொண்டுபோக விரும்பினால் பேக்கிங்கைச் சரியாகச் செய்யுங்கள். பாட்டிலை முதலில் கெட்டியான ஜிப் கவரில் போட்டுக் காற்றை அழுத்தி எடுத்து மூடுங்கள். பிறகு ஒரு டர்க்கி டவலில் உருட்டிச் சுற்றி, கழுத்துப் பகுதிக்கு ஒரு ஜோடி சாக்ஸ் மாட்டுங்கள். உடைவது பெரும்பாலும் அந்தக் கழுத்தில்தான். பெட்டியின் நட்டநடுவில், நாலு பக்கமும் மேலும் கீழும் குறைந்தது ஐந்து சென்டிமீட்டர் துணி இருக்கும்படி படுக்க வையுங்கள். ஷூ, சார்ஜர் போல் கடினமான எதுவும் பக்கத்தில் வேண்டாம். நிரம்பிய ஒரு ஒயின் பாட்டில் 1.2 முதல் 1.4 கிலோ வரை வரும், மலிவுக் கட்டண விமானத்தில் அந்த எடையும் காசுதான். 24 சதவீதத்துக்குக் குறைவான ஆல்கஹால் உள்ள பானத்துக்கு விமானத்தின் செக்-இன் பெட்டியில் அளவுத் தடை இல்லை. 24 முதல் 70 வரை என்றால் ஆளுக்கு 5 லிட்டர், 70க்கு மேல் போனால் அறவே கூடாது.

சென்னை வழியாகப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பன்னாட்டுப் புறப்பாட்டுப் பகுதி டியூட்டி ஃப்ரீ கடையில் வாங்கினால் சீல் வைத்த பையில் தருவார்கள், அதைக் கைப்பையாகவே விமானத்தில் எடுத்துப்போகலாம். இடையில் வேறு ஊரில் விமானம் மாறாத நேரடிப் பயணத்துக்கு மட்டும் இது வசதி. எங்கள் முதல் தேர்வு அதைவிடச் சுலபம்: சாங்கியில் இறங்கி, பெட்டிகள் வரும் பெல்ட் பக்கத்திலேயே இருக்கும் டியூட்டி ஃப்ரீயில் வாங்குவது. வெயில் இல்லை, உடைசல் இல்லை, பெட்டி மாற்றும் வேலை இல்லை. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் மேலே சொன்ன கப்பல் விலையோடு ஒப்பிட்டால் இன்னும் லாபம்தான். சிங்கப்பூருக்கு வெளியே 48 மணி நேரமாவது இருந்துவிட்டு, மலேசியா அல்லாத இடத்திலிருந்து வரும் 18 வயது நிரம்பியவருக்கு 2 லிட்டர் ஒயின் வரியில்லாமல் அனுமதி. ஒரு பாட்டில் அதற்குள் அடங்கிவிடும்.

ஏற்காட்டு எஸ்டேட் வீடுகளில் கிறிஸ்துமஸுக்குப் போடும் ஒயினைக் கொண்டுபோகலாமா என்று கேட்பவர்களுக்கு: முடியாது. தொழிற்சாலை சீலும் லேபிளும் இல்லாத எந்தப் பாட்டிலையும் கப்பலில் என்னவென்று தெரியாத திரவமாகத்தான் பார்ப்பார்கள். புதுச்சேரியிலிருந்து வாங்கி வைத்த பாட்டிலும் வேண்டாம். கப்பல்காரருக்கு அதில் ஆட்சேபணை இருக்காது, ஆனால் அதைத் தமிழ்நாட்டுச் சாலையில் வைத்திருக்கும்போது மதுவிலக்குப் போலீஸ் பிடித்தால் பயணமே கெடும்.

இனி ஒளித்து வைப்பவர்கள் விஷயம். பெட்டிகள் எல்லாம் எக்ஸ்ரேயில் போகின்றன. திரவம் எந்த வடிவத்தில் இருந்தாலும் திரையில் தனியாகத் தெரியும். மவுத்வாஷ் பாட்டிலில் நிறம் கலந்த வோட்கா, ஷாம்பூ டப்பா, மடிக்கக்கூடிய பிளாஸ்டிக் பை, மூடியைத் திரும்ப ஒட்டிய தண்ணீர் பாட்டில் எல்லாம் அங்கே பல வருடமாகப் பார்த்துச் சலித்த உத்திகள். கார்னிவல் கம்பெனி 2015ல் பயணிகள் தண்ணீர் பாட்டில் கொண்டுவருவதையே நிறுத்தியதற்குக் காரணம் இந்த உத்திதான். பிடித்தால் என்ன ஆகும்? சாயங்காலம் மற்றவர் பெட்டியெல்லாம் அறை வாசலுக்கு வந்துவிடும், உங்களுடையது வராது. செக்யூரிட்டி அறைக்குப் போய், அவர்கள் முன்னால் பெட்டியைத் திறக்க வேண்டும். உள்ளே விஸ்கி இருந்தால் எடுத்துவிடுவார்கள். ஒளித்துக் கொண்டுவந்ததை ராயல் கரீபியன் திருப்பித் தருவதில்லை, கொட்டிவிடுகிறது. பெட்டியில் மாற்றுத் துணியும் மாத்திரையும் மாட்டிக்கொண்டு முதல் நாள் ராத்திரி டின்னருக்கே போக முடியாமல் போவது தனி நஷ்டம். அதே பெட்டியில் எலக்ட்ரிக் கெட்டிலோ அயர்ன் பாக்ஸோ எக்ஸ்டென்ஷன் போர்டோ இருந்தாலும் இதே கதிதான். காபிக்காகக் கெட்டில் எடுத்துப் போகும் பழக்கம் நம்மிடம் அதிகம், தீவிபத்து பயத்தால் எல்லாக் கப்பலிலும் அதற்குத் தடை.

விஸ்கி, பிராந்தி மட்டுமே குடிக்கிறவருக்கு ஒயின் சலுகையால் பயனில்லை. அவருக்கு மிஞ்சுவது டிரிங்க்ஸ் பேக்கேஜ், அதாவது நாளுக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு அளவில்லாமல் வாங்கிக் குடிக்கும் திட்டம். ராயல் கரீபியனைப் பற்றி எங்களுக்கு இருக்கும் பெரிய குறை இங்கேதான். ஒரே அறையில் இருக்கும், குடிக்கும் வயதுள்ள எல்லோரும் மது பேக்கேஜ் வாங்க வேண்டும். கணவர் மட்டும் வாங்கி மனைவி வாங்காமல் இருக்க முடியாது. மருத்துவக் காரணம் போன்றவற்றைச் சொல்லி முன்கூட்டியே பேசினால், அவருக்கு மது இல்லாத பானப் பேக்கேஜாக மாற்றிக் கொடுப்பதுண்டு. கேட்டால்தான் கிடைக்கும்.

பேக்கேஜ் விலை கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும். கணக்குக்காக நாளுக்கு 70 டாலர் என்று கொள்வோம். 18 சதவீதம் சேர்ந்தால் 82.60. இருவருக்கு 165.20. நாலு ராத்திரிக்கு 660.80 டாலர். தனித்தனியாக வாங்கினால் 13 டாலர் பெக் ஒன்று 15.34 ஆகும். இருவருமே குடித்தால் நாளுக்கு ஆளுக்கு ஐந்தரை பெக் தாண்டினால்தான் பேக்கேஜ் கட்டும். ஒருவர் மட்டும் குடிக்கிறவர் என்றால் அவர் தினமும் பதினொன்று குடிக்க வேண்டும். யாரும் அப்படிக் குடிக்கக் கூடாது, குடித்தால் கப்பலில் வேறெதையும் பார்க்க முடியாது. எனவே ஒருவர் மட்டும் குடிக்கும் தம்பதிக்கு எங்கள் தீர்ப்பு: பேக்கேஜ் வேண்டாம், இரண்டு ஒயின் பாட்டில் கொண்டுபோங்கள், விஸ்கியைப் பெக் கணக்கில் வாங்குங்கள். டிராவல்ஸ்காரர் "சார், அன்லிமிடெட்" என்று சொன்னால் இந்தக் கணக்கை அவர் முன்னால் போட்டுக் காட்டுங்கள். பேக்கேஜ் எடுத்தே தீருவது என்றால் கப்பல் ஏறிய பிறகு வாங்காமல் முன்பே கம்பெனி இணையதளத்தில் விலை பாருங்கள், பெரும்பாலும் அங்கே குறைவு. ஒருவர் பேக்கேஜில் இன்னொருவருக்கு வாங்கித் தருவது விதிமீறல், கார்டைத் தட்டித்தான் ஒவ்வொரு கிளாஸும் வரும்.

சென்னைத் துறைமுகத்திலிருந்தே போகும் கோர்டீலியா க்ரூஸ் கம்பெனி பக்கம் வருவோம். சேலத்துக்காரருக்கு இது வசதி: எழும்பூருக்கு ராத்திரி ரயில், பாஸ்போர்ட் தேவையில்லாத உள்நாட்டுப் பயணங்களும் உண்டு. எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூனில் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது, 2023 ஜூனில் இலங்கைக்கும் போனது. மது விஷயத்தில் இதன் விதி ஒரு வரிதான்: வெளியிலிருந்து சாப்பாடும் பானமும் கூடாது. ஒயினுக்கும் சலுகை இல்லை. டிக்கெட் விலையில் சாப்பாடு உண்டு, மது தனிக் காசு. வீட்டில் செய்த முறுக்கும் தட்டுவடையும் இந்த விதியில் சிக்கும் என்பதால் பாட்டியம்மா கட்டிக்கொடுக்கும் டப்பாவை ரயிலிலேயே முடித்துவிடுங்கள். லட்சத்தீவு போகும் பயணமாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பங்காரம் தீவு போன்ற விலக்கைத் தவிர அது மதுவிலக்குப் பகுதி. கப்பலில் வாங்கிய எதையும் பையில் போட்டுக்கொண்டு கரையில் இறங்கக் கூடாது. கொச்சியில் ஏறுகிறவர்களுக்குக் கேரளத்தில் சட்டப்படியான வயது 23 என்பதும் நினைவிருக்கட்டும். விதி கறாராக இருந்தாலும் குழப்பமில்லாமல் இருக்கிறது. குடிக்காத குடும்பங்களுக்கு இதில் இழப்பு எதுவும் இல்லை. குடிக்கிறவருக்குச் சலுகை எதுவும் இல்லை.

பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்க, அங்கே போயிருக்கும்போது க்ரூஸ் ஏறும் பெற்றோர் சேலத்தில் நிறையப் பேர். அவர்களுக்குச் சுருக்கமாக. கார்னிவல்: 21 வயது நிரம்பியவருக்கு ஒரு 750 மில்லி ஒயின், டைனிங் ஹாலுக்கு எடுத்துப் போனால் 15 டாலர் கார்க்கேஜ் (சொந்தப் பாட்டிலைத் திறந்து ஊற்றுவதற்கான கட்டணம்), அறையில் குடித்தால் இல்லை. மது இல்லாத பானம் கேன் அல்லது அட்டை டப்பாவில் 12 வரை, பிளாஸ்டிக், கண்ணாடி பாட்டில் கூடாது. விஸ்கி வேண்டுமென்றால் முழு பாட்டிலாகவே அறைக்கு முன்பதிவு செய்து வாங்கும் வசதி இங்கே இருக்கிறது, அது நல்ல ஏற்பாடு. நார்வீஜியன்: ஒயின் எத்தனை பாட்டில் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் 750 மில்லிக்கு 15, ஒன்றரை லிட்டருக்கு 30 டாலர் ஏறும்போதே வசூல். அறையில் குடித்தாலும் கட்ட வேண்டும். ஒயின் பிரியர்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு வாரம் போனால் இதுவே சிறந்த விதி, ஒரே ஒரு பாட்டில் போதும் என்பவருக்கு வீண் செலவு. டிஸ்னியின் அமெரிக்கப் புறப்பாடுகளில் இரண்டு பாட்டில் ஒயின் அல்லது ஆறு பீர், அதுவும் ஏறும்போது மட்டுமல்ல, ஒவ்வொரு துறைமுகத்திலும். பீரை அனுமதிப்பதில் இதுதான் தாராளம். எம்.எஸ்.சி. கம்பெனியில் எந்த மதுவும் ஏறாது. விதிகள் சொல்லாமல் மாறும் என்பதால் டிக்கெட் எடுத்த அன்றும், கிளம்பும் வாரத்திலும் கம்பெனியின் பக்கத்தை நேரடியாகப் படித்துவிடுங்கள்.

மேலே சொன்ன டிஸ்னி சலுகை போன்றவற்றைத் தவிர, துறைமுகங்களில் இறங்கி வாங்கும் பாட்டில் பற்றி பெரும்பாலும் ஒரே விதிதான்: திரும்பி ஏறும்போது வாங்கி வைத்துக்கொண்டு, டோக்கனோ ரசீதோ கொடுத்து, கடைசி நாள் திருப்பித் தருவார்கள். கப்பலின் உள்ளேயே இருக்கும் டியூட்டி ஃப்ரீ கடைக்கும் இதுதான். எனவே லங்காவியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால் அது பயணத்தில் குடிக்க உதவாது. சிங்கப்பூரில் இறங்கும்போது சிக்கலும் வரும். கடைசியாக நின்ற துறைமுகம் மலேசியாவில் இருந்தால் வரிச் சலுகை முழுவதும் போய்விடும். ஒரு லிட்டர் 40 சதவீத விஸ்கிக்கு, ஒரு லிட்டர் சுத்த ஆல்கஹாலுக்கு 88 சிங்கப்பூர் டாலர் என்ற கணக்கில் 35.20 சிங்கப்பூர் டாலர் வரி, அதோடு 9 சதவீத ஜி.எஸ்.டி.யும் உண்டு. சொல்லாமல் சுங்கத்தின் பச்சை வழியில் (வரி கட்ட எதுவும் இல்லாதவர்களுக்கான வழி) நடந்தால் அபராதம். டெக்சஸின் கால்வெஸ்டனில் இறங்குகிறவர்களுக்கு அங்கே மாநில மதுத் துறை ஆட்களே டெர்மினலில் உட்கார்ந்து பாட்டிலுக்குப் பாட்டில் வரி வாங்குவார்கள், சில டாலர் நோட்டைக் கையில் வைத்திருங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய பாட்டிலை இந்தச் சுற்றில் எங்கும் வாங்காமல், திரும்பும்போது சாங்கி புறப்பாட்டுப் பகுதியில் வாங்குங்கள். இந்தியாவுக்குள் ஆளுக்கு 2 லிட்டர் வரியில்லை. ரசீதைத் தூக்கிப் போடாமல் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். திருச்சியிலிருந்து நாமக்கல் வழியாகக் காரில் வரும்போது எங்காவது சோதனையில் நிறுத்தினால், டாஸ்மாக் லேபிள் இல்லாத பாட்டிலுக்கு அந்த ரசீதும் போர்டிங் பாஸும்தான் பதில்.